ஒற்றைக் கையில் தூக்கிய ஏர்க்கால்

குங்கிலியமும் மீன் எண்ணெயும் காய்ச்சிப் பூசிய புதுப் பலகையின் வாசனை... நாற்பது வருஷம் ஆகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

நண்பர்களே, போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு பெரிய படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஜப்பான் யுத்தத்துக்கு முந்தைய பினாங்கு அது. எனக்கு இருபத்தாறு வயது. ஜெலுத்தோங் ரோட்டில் ஒரு படகுப் பட்டறையில் ஃபிட்டர். எஞ்சின் தெரியும், இங்கிலீஷ் கேட்டலாக் படிக்கத் தெரியும்... அதனால் தலைக்கனமும் கொஞ்சம் அதிகம்தான்.

மீரான் நானாவின் படகு அப்போது அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அவர் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகுகளில் இருபது வருஷமாக சேராங். அதாவது படகுக்குத் தலைவர். ஆனால் ஓட்டியதெல்லாம் மற்றவர்களின் படகு. இந்த முப்பத்திரண்டு அடிப் படகுதான் அவருடைய முதல் சொந்தப் படகு. தினமும் வேலை முடிந்து வருவார். பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலிலேயே படகுகளை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் வாய்க்கால் சேறடைந்து தூர்ந்துவிட்டது. ரோட்டு வழியாக, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை.

டிரெய்லர் தேடும் வேலையை முதலாளி என் தலையில் கட்டினார்.

இரண்டு கிடைத்தன. ஒன்று, அக்கரையில் பிறை என்ற ஊரில் பாய்லர் இழுக்கிற நாலு சக்கர வண்டி. இரும்புச் சக்கரம், ஆமை வேகம், ஃபெரியில் ஏற்றிக் கொண்டுவரவே மூன்று நாள் ஆகும். இன்னொன்று, பக்கத்து மரக்கடையில் நின்ற இரண்டு சக்கர டிரெய்லர். காற்றடைத்த டயர், தாழ்வான சட்டம். பார்க்க அவ்வளவு அழகு.

தச்சு மேஸ்திரி முனியாண்டி அண்ணன் நாலு சக்கரம்தான் வேண்டும் என்றார். சின்ன வயசில் மாட்டுவண்டி ஓட்டியவர் அவர்.

"ரெண்டு சக்கரம்னா முன்பாரம் பின்பாரம் பாக்கணும் தம்பி. பின்னால கொஞ்சம் கூடுனாலும் ஏர்க்கால் தூக்கிரும் லா."

இது மாட்டுவண்டி இல்லை, லாரி இழுக்கிற டிரெய்லர் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பட்டறையே சிரித்தது. அண்ணன் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு சக்கர டிரெய்லரில் படகை அளந்துதான் ஏற்றினேன். முந்தின நாள் சாயங்காலம் டிரெய்லரின் ஏர்க்காலை, அதாவது லாரியில் மாட்டுகிற முன்தண்டை, தூக்கிப் பார்க்க நாலு ஆள் தேவைப்பட்டது. முன்பாரம் சரியாக இருந்தது.

ஆனால் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படகு, பிறந்த இடத்திலிருந்து வெறும் வயிற்றோடு கிளம்பக் கூடாது. காலையில் நானா வீட்டார் வந்து நங்கூரம், சங்கிலி, அரிசி மூட்டை, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் படகின் பின்பக்கத்தில் வைத்தார்கள். பாத்திஹா ஓதினார்கள். படகுக்கு உடையவர் சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்துதான் கடலுக்குப் போக வேண்டும். நானா புதுக் கைலி கட்டி ஏறி உட்கார்ந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லாரியின் கொக்கியில் மாட்டுவதற்காக ஏர்க்காலைப் பிடித்தேன்.

ஒற்றைக் கையில் வந்தது.

பின்பாரம் கூடிவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். சாமான்களை முன்னால் மாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கால் மணி நேர வேலை. எதிரே முனியாண்டி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கொக்கியில் மாட்டினேன். போகலாம் என்று டிரைவருக்குக் கை காட்டினேன்.

பாலத்து ஏற்றத்தில் படகின் பின்பக்கம் தாழ்ந்தது. ஏர்க்கால் கொக்கியை விட்டுத் துள்ளி எழுந்தது. நானா பின்னால் விழுந்தார்... படகு அவர் கால் மேல் சரிந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காலையில மாட்டுறப்ப வண்டி சரியாத்தானே இருந்திச்சு?"

"சரியாத்தான் இருந்திச்சு நானா."

பிடித்த கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்ப நான் ஏத்துன பாரம்தான். நங்கூரத்த பின்னால வைக்கச் சொன்னது நாந்தானே. ஒன் மேல ஒண்ணும் இல்ல, போ."

போய்விட்டேன். நான் ஒற்றைக் கையில் தூக்கியதை முனியாண்டி அண்ணன் கவனித்தாரா இல்லையா, தெரியாது. சாகும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை.

படகைப் பழுது பார்த்து நானாவின் மச்சான் ஓட்டினார். நானா படகுத்துறையில் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் புதுப் படகு இறக்கினாலும் அவரிடம் சொல்ல வருவார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஒன்றும் வைக்காதீர்கள், யாரும் ஏறாதீர்கள், வெறும் படகாகக் கொண்டுபோங்கள். அவர் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. நாலைந்து வருஷத்தில் அந்த வழக்கமே நின்றுபோனது.

போன வாரம் பார்த்த படகும் வெறுமையாகத்தான் போனது. டிரெய்லருக்கு எட்டு சக்கரம், இறுக்கிக் கட்டிய பட்டை, பின்னால் சிவப்பு விளக்கு... குறை சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் அரிசி வைத்து ஓதி அனுப்புவோம், இப்போது யார் செய்கிறார்கள், காலம் மாறிப்போச்சு என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தப் பெரியவர் காலத்தின் மேல் பழி போட்டார். நானா தன் மேல் போட்டுக்கொண்டார். அன்று காலையில் அந்த ஏர்க்காலை ஒற்றைக் கையில் தூக்கியவன் நான். நானா உயிரோடு இருந்த பதினெட்டு வருஷத்தில், தினமும் அந்தப் படகுத்துறை வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு நாள்கூட அவரிடம் சொல்லவில்லை.