மீட்டர் மாமா போட்ட மூன்று

என் அக்கா வீட்டுக்காரர் மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் மீட்டர் மாமா. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டிக்குத்தான் போகும். பொண்ணு மாப்பிள்ளையெல்லாம் அப்புறம்தான்.

கைசுத்தமான மனிதர். வீடு பூட்டியிருந்தால் மட்டும் போன முறை போட்ட கணக்கையே போட்டுவிட்டு வருவார். "குறைஞ்சிருந்தா அடுத்த தடவை சேர்த்துப் போட்டாச் சரியாப்போயிடும்" என்பார். அவர்கள் வேலையில் அது வழக்கம்தான்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே நாடித்துடிப்பைப் பார்க்க விரலில் மாட்டும் கிளிப், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, ஒரு போன். காலையும் மாலையும் எண்களைப் போனில் ஏற்றினால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நர்ஸ் பார்ப்பார். கிளிப்பும் பட்டையும் தாமாகவே எண்ணைக் காட்டும். வலியை மட்டும் அக்காவிடம் கேட்டு, பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். ஐந்தைத் தாண்டினால் டாக்டர் மார்ஃபின் அளவைக் கூட்டுவார்.

மாமாவுக்குப் பழகின வேலை. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

நான் போய்ச் சேர்ந்த அன்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமா கிளிப்பை மாட்டினார், எண்ணை ஏற்றினார், அவள் மூடிய கண்ணைப் பார்த்தார், வலிக்கு மூன்றை அழுத்தினார். "நல்லாத் தூங்குறா. நர்ஸம்மாகூட எல்லாம் கட்டுக்குள்ள இருக்குன்னாங்க" என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவர் கடைக்குப் போன நேரத்தில் அக்காவுக்கு உடம்பு துடைத்துவிட உட்கார்ந்தேன். மூடியிருந்த கையைப் பிரித்தால் உள்ளங்கையெல்லாம் நகம் பதிந்த புண். தூங்குகிறவளின் கை அப்படி இருக்காது.

"எவ்வளவுக்கா வலிக்குது?"

"உயிர் போகுதுடி."

"மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்குச் சொல்லணும்? முதல் நாளோட கேக்குறதையும் விட்டுட்டார். அதான் விரல்ல மாட்டுறாரே, அதுலயே வலியும் தெரிஞ்சிடுமில்ல. அங்க பார்த்துட்டுத்தானே இருக்காங்க. பார்த்தும் மருந்து கூட்டலைன்னா, இதுக்கு மேல குடுக்க மருந்தே இல்லபோலன்னு பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமா திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "மூணு மூணுன்னு அழுத்துறீங்களே, அவளை ஒரு வார்த்தை கேட்கிறீங்களா?"

பையைக் கீழே வைத்தார். "முதல் நாள் கேட்டேன், மூணுன்னா. அப்புறம் எப்பப் பார்த்தாலும் கண்ணை மூடியே இருந்தா. தூங்குறவளை எழுப்புவானேன்னு, பூட்டின வீட்டுக்குப் போடுற மாதிரி முன்ன போட்டதையே போட்டேன்மா."

இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? மாமா நேராக உள்ளே போய் அக்காவை எழுப்பிக் கேட்டு, அவள் சொன்ன ஒன்பதை அழுத்தினார். போனைக் கீழே வைப்பதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அன்று மாலையே நர்ஸ் நேரில் வந்து டாக்டர் சொன்னபடி மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மாமா கட்டிலருகே குனிந்து, "எத்தனைன்னு சொல்லு" என்றார்.

"ரெண்டுதாங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் கையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினார். அப்படி வலி அடங்கி ஒரு வாரம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அக்கா போய்விட்டாள்.

கருவிகளைத் திரும்ப எடுத்துப்போக நர்ஸ் வந்தார். மாமா ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். போனை மட்டும் கையிலேயே வைத்திருந்தார்.

"குறைச்சுப் போட்டதை எங்க வேலையில அடுத்த தடவை சேர்த்துடுவோம்மா. இதை எதுல சேர்க்கிறது?"

நர்ஸ் பட்டையின் குழாயைச் சுற்றிக்கொண்டே நின்றார். போனை மாமா கையிலிருந்து நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.