தரையிலிருந்து எழும்பப் பழகினோம்

முப்பது வருடம் வகுப்பில் நின்றுகொண்டே படிப்பித்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு தரையில் உட்காருவதையே விட்டுவிட்டேன். சாப்பாடு மேசையில், தொழுகை கதிரையில். கால் எவ்வளவு பலம் கெட்டுவிட்டது என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

ஒரு நாள் காலை மாத்திரைப் போத்தல் கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது. தரையில் உட்கார்ந்து கையை நீட்டி எடுத்துவிட்டேன். பிறகு எழும்பப் பார்த்தால் முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் அதே இடத்தில் வந்து விழுந்தேன். வீட்டில் வேறு ஆளில்லை. கணவர் மௌத்தாகி அடக்கம் செய்து நாலு வருடம், மகள் கட்டாரில்.

ஒரே வளவில் அடுத்த வீடு என் கூடப்பிறந்த மூத்தவர், ராத்தாவுடையது. அவருக்கு எழுபது, எனக்கு அறுபத்தாறு. ஜன்னல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். நான் அசையவில்லை, அவர் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“இப்ப நீயும் நானும் என்னகா செய்ற?” என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த நேரம் வாசலில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சத்தம் போட்டார்:

“தம்பி, உள்ளுக்கு வராதீங்க! தையல் கடைக்குப் போய் எங்கட மகளக் கூட்டி வாங்க!”

ராத்தாவின் மகள் வந்து எங்களை ஒவ்வொருவராக எழுப்பிவிட்டாள். எழுப்பிவிட்டு அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அடுத்த கிழமை எங்கள் இருவரையும் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் பிள்ளை என் முழங்காலை அமத்திப் பார்த்தாள்.

“எலும்பில பெரிய பிழை இல்ல டீச்சர். வேல இல்லாம தச சோர்ந்து பெய்த்து.”

கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்ப வேண்டும். தரையில் இருந்தால் பக்கவாட்டில் திரும்பி, கையையும் முழங்காலையும் ஊன்றி, கதிரையைப் பிடித்து, பலமான காலை முன்னுக்கு வைத்து எழும்ப வேண்டும். அவ்வளவுதான் பாடம். பின்னேரம் அஸர் தொழுத பிறகு என் வீட்டு விறாந்தையில் இருவரும் பழகினோம். முதல் கிழமை மூன்றாம் தரத்திலேயே தொடை நடுங்கியது.

ராத்தாவுக்கு இடையில் அலுத்துவிட்டது. “எழுவது வயசில இது என்ன கூத்து? எனக்கு ஏலா” என்று இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நான் போய் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நான் எழும்ப மாட்டன். நீங்களும் வந்து இருங்க.”

முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

நாலு மாதத்தில் ராத்தா கதிரையைத் தொடாமலே எழும்பினார். எனக்கு இன்றைக்கும் ஒரு கை ஊன்ற வேண்டும்; மழை நாளில் இரண்டு கையும். நடந்ததை அதுவரை கட்டாரில் இருக்கும் மகளுக்குச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் எல்லாவற்றையும் சொல்லி, அவள் பார்த்திருக்க, தரையில் இருந்து எழும்பிக் காட்டினேன்.

“கெதியா எழும்பாதீங்க உம்மா, தல சுத்தும்!” என்று அதட்டினாள்.