இடது கையின் கதகதப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம் சிதம்பரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் கடலூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு இதயம் பலவீனமாகி, ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலைமை. கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். சம்மனை எடுத்துக்கொண்டு அண்ணாகிராமம் பக்கத்து முந்திரித் தோப்பெல்லாம் மொபெட்டில் சுற்றியவர். அப்படிப்பட்டவரை நான் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடமாட்டேன். பால் வாங்கக் கிளம்பினால், "நீங்க ஒக்காருங்க, நான் போய்க்கறேன்" என்பேன்.

செக்கப்புக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கிருந்த டாக்டரம்மா, ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் கலந்துகொள்ளலாம் என்றார். நைட்ரைட் என்ற மருந்தைக் கொஞ்சமாகக் கையில் ஏற்றி, ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளப்பார்களாம். இதயம் பலவீனமானவர்கள் உடம்பில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், பிற்பாடு வைத்தியத்துக்கு உதவுமாம். "இதனால உங்களுக்குச் சரியாயிடும்னு நான் சொல்லமாட்டேன்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

வெளியே வந்து அந்த மருந்தின் பெயரைச் செல்போனில் தேடினேன். கறி கெடாமல் இருக்கச் சேர்க்கும் உப்பு, அளவு மீறினால் விஷம் என்று போட்டிருந்தது. விறுவிறுவென்று திரும்பிப் போய், "எங்க வீட்டுக்காரரு என்ன கறியா, கெடாம வச்சிக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டாக்டர் கோபப்படவில்லை. "இஷ்டமில்லன்னா வேணாம்மா" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து, சிதம்பரம் கோர்ட்டில் பழைய சிநேகிதர் ஒருவர் ரிட்டயர் ஆகிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே கிளம்பினார். வெளுத்த நீலச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். "சாரைக் கூட்டிட்டுப் போவ வீட்லேர்ந்து ஒருத்தர் வரணும்மா. நீங்க வர்றதா சொன்னாரு, இன்னும் காணுமே?"

லீவ் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் வரைக்கும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் கோபம் எங்கே போயிற்றோ, பயம் மட்டும்தான் மிச்சம்.

ஓர் அறையில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கைகளும் தலையணை மேல். முழங்கைக்குக் கீழே மெல்லிய ரப்பர் வளையம் மாதிரி ஏதோ சுற்றியிருந்தார்கள். இடது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி.

"இப்பதான் முடிஞ்சுது. ஊசி எடுத்துட்டோம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். நான் அன்று கத்தியதை அவர் மறந்துவிட்ட மாதிரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வலது கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. இரண்டு வருடமாகவே அவர் கைகால் அப்படித்தான். போர்வையைச் சரிசெய்ய அந்தப் பக்கம் போனபோது இடது கை பட்டது. கதகதவென்று இருந்தது. நோய் வருவதற்கு முன்னால் இருந்த கை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மருந்து அந்தக் கையில மட்டும்தான் போச்சு. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றார் டாக்டர்.

டாக்டர் வெளியே போனதும், "கோவமா?" என்றார் என் கணவர்.

"பொய் சொல்லிட்டு வந்தீங்களே. உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அவுங்களே சொன்னாங்க. அப்புறம் எதுக்கு?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வருஷமா எல்லாரும் எனக்கே செஞ்சிக்கிட்டு இருக்கீங்க. என்னால யாருக்காச்சும் ஒரு வேலை ஆவட்டுமேன்னுதான். ஒன்கிட்ட கேட்டா விடமாட்ட."

அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தூங்கிப்போனார். அரை மணி நேரத்தில் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மற்ற கையைப் போலவே ஆகிவிட்டது. இருந்தும் விடவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பால் வாங்கும் வேலையை அவரிடமே விட்டேன். கடைக்காரரிடம் பேசிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவார். அந்தப் பங்குனியில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் கழித்து அந்த டாக்டர் போன் செய்தார். "ஆராய்ச்சி நல்லபடியா முடிஞ்சுதும்மா. சாரோட கையில ரத்தக்குழாய் நல்லா விரிஞ்சுது. அவரு வந்தது எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துது. அவருகிட்ட சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றேன். அவர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள்தான் நானே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் அவரை ஒரு வேலைக்கும் ஆகாதவராக உட்கார வைத்திருந்தேன். அவர் ஏங்கிய அந்த ஒரு நல்ல வார்த்தை அவர் போனபின் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்ல முடியாமல் நானே வைத்துக்கொண்டிருப்பதுதான் இன்றுவரை தாங்கவில்லை.