சூர்யகலாவின் வயிறும் குடோன் வாசலும்

ஏலக்காய் வாசம் என்றால் உங்களுக்குப் பாயசம் நினைவுக்கு வரும். எனக்குக் குமட்டல்தான் வரும். போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் பல வருடமாகத் தரையில் உட்கார்ந்து காய் பிரிக்கிறேன். பச்சைக் காய் தனியாக, வெளுத்தது தனியாக, வெடித்தது தனியாக. வீட்டுக்குப் போனால் சோற்றிலும் அதே வாசம், தலையணையிலும் அதே வாசம். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் குமட்டலைப் பற்றி இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரித்தவள் சூர்யகலா. சிலமலைக்காரி. புருஷன் முத்துக்கண்ணன் குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறான். எங்கள் குடோனில் அவளைப்போல் சேலை கட்ட ஆள் கிடையாது. விலை குறைந்த சேலைதான், ஆனால் கொசுவம் ஒவ்வொன்றும் ஒரே அளவில் நிற்கும். பஸ் கூட்டத்தில் நசுங்கி வந்து இறங்கினாலும் ஒரு மடிப்புக் கலையாது.

"இங்க என்ன பொண்ணா பாக்க வர்றாக?" என்று நாங்கள் கேலி செய்வோம்.

"காய்க்குத்தான் கண்ணு இல்லக்கா, எனக்கு இருக்குல்ல" என்பாள்.

அவள் மாசமானதும் முதலில் சேலைதான் அவளைக் கைவிட்டது. கொசுவத்தை மேலே செருகினால் மூச்சு முட்டியது, கீழே செருகினால் வழுக்கி இறங்கியது. ரவிக்கை கையை இறுக்கித் தடம் போட்டது. நைட்டி போட்டு வரலாம் என்றால் எங்கள் குடோனில் அதற்குத் தடை. சாயங்காலம் வாசலைத் தாண்டும்போது ஒவ்வொருத்தியும் நின்று சேலை மடியை உதறிக் காட்ட வேண்டும், திருட்டுக் காய் விழுகிறதா என்று. நைட்டியில் உதற மடி ஏது? அதனால் சேலைதான் கட்டி வர வேண்டும்.

சேலைக்கு மேலே புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். சட்டைப் பையைத் தைத்து மூடிவிட்டு வரச் சொன்னார் முதலாளி. அதையும் தைத்து மூடினாள். அதோடு விட்டார்களா? எப்போதோ எந்த ஊரிலோ ஒருத்தி வயிற்றில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு, மாசமாக இருக்கிறேன் என்று சொல்லிக் காய் கடத்தினாளாம். பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தக் கதையை நம்பி, மாசமான பெண்களுக்கு வாசலில் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். மடியை உதறினால் போதாது, வயிற்றையும் தடவிப் பார்க்க வேண்டுமாம். தூ!

தடவுகிறவள் மாயக்காள். எங்களோடு தரையில் உட்கார்ந்து காய் பிரித்தவள்தான். வாசலில் நாற்காலி கிடைத்ததும் நாங்கள் எல்லோரும் அவளுக்குத் திருடிகளாகிவிட்டோம். இத்தனைக்கும் முத்துக்கண்ணனுக்குச் சித்தி முறை. சூர்யகலாவைச் சட்டையைத் தூக்கச் சொல்லி, சந்தையில் மாட்டை அமுக்கிப் பார்ப்பதுபோல் வயிற்றை இரண்டு பக்கமும் அமுக்குவாள்.

ஒருநாள் அப்படி அமுக்கியபோது பிள்ளை உள்ளே உதைத்துவிட்டது.

"ஆத்தாடி, உள்ள ஏதோ உருளுதே! எத்தன கிலோடி வச்சிருக்க?" என்று சத்தமாகக் கேட்டாள் மாயக்காள். லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. சூர்யகலா சட்டையை இறக்கிவிட்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "அருணாக்கா, குளிக்கயில கூட நான் குனிஞ்சு பாக்குறதில்ல. கண்ணாடியச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சிட்டேன். என் ஒடம்பே எனக்கு அருவருப்பா இருக்கு. யாரு வயித்தையோ நான் சொமந்துக்கிட்டுத் திரியுற மாதிரி இருக்குக்கா."

"அருவருப்பு அந்தக் கை மேலதான வரணும்? ஓன் வயித்து மேல ஏண்டி வருது?" என்றேன். பஸ் வந்ததும் அவள் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் முதலாளியின் மனைவி வந்தார். மாசமான பெண்களுக்கு மட்டும் நைட்டித் தடையிலிருந்து விதிவிலக்காம், குடோனே இலவசமாக நைட்டி தருகிறதாம். முன்னால் ஜிப், பை கிடையாது. வயிறு வரும் இடத்தில் குடோன் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. ஏலக்காய்ச் சாக்கில் இருக்கும் அதே எழுத்து, அதே பச்சை மை. சூர்யகலாவின் கையில் அதைக் கொடுத்து விரித்துப் பிடிக்கச் சொல்லி, "சிரிம்மா" என்று போட்டோ எடுத்தார்கள். அன்று சாயங்காலமும் வாசலில் மாயக்காள் அமுக்கத்தான் செய்தாள். அமுக்கி முடித்ததும் சூர்யகலா அந்த நைட்டியை நாலாக மடித்து மாயக்காளின் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

சிலமலையில் அவளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். நான் போனபோது அரக்குப் பட்டு கட்டி மனையில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்குக் கீழே தழையக் கட்டி, பழையபடி ஒவ்வொரு கொசுவத்தையும் ஒரே அளவில் நிறுத்தியிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"கண்ணு பட்டுரும், முந்தானைய இழுத்து மூடு ஆத்தா" என்றாள் ஒருத்தி.

"என் வயிறுதான? தெரியட்டும்" என்றாள் சூர்யகலா.

சொந்தக்காரி ஆயிற்றே, மாயக்காளும் வளையல் தட்டோடு வந்தாள். சிரித்துக்கொண்டே சந்தனத்தைத் தொட்டு எடுத்தாள்.

"அத்தே, அங்கேயே நில்லுங்க" என்றாள் சூர்யகலா. "மொதல்ல மடிய ஒதறுங்க."

"ஏய்" என்று முத்துக்கண்ணன் எழுந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டான். யாராவது தனக்காகப் பேசமாட்டார்களா என்று மாயக்காள் சுற்றிலும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் எதற்குப் பேச வேண்டும்? கடைசியில் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சந்தனம் பூசிய விரல்களோடு மடியைப் பிரித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை.

"ஒண்ணும் இல்லல்ல அத்தே? எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல. தெனமும் எம்பிள்ளதான் இருந்துச்சு."

மாயக்காள் சந்தனக் கையைத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். சூர்யகலா வளையலுக்காக என்னிடம் கையை நீட்டினாள்.