பதினான்கு வரை எண்ணினேன்

அக்காவின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விடுமுறையென்றால் வயல்வெளிக்குப் போய்ப் புயலைப் படமெடுப்பார். மின்னியபின் பத்து நொடிக்குள் இடித்தால் காருக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவரே வைத்த விதி. அன்று காரிலிருந்து எண்ணும் வேலை எனக்கு.

மின்னியது. பயத்தில் மூச்சுவிடாமல் எண்ணினேன். இடித்தது.

"பதினாலு அத்தான்! போதும், வந்துடுங்க!"

"பதினாலுன்னா தூரத்துல இருக்குடா, பயந்தாங்கொள்ளி. இன்னும் ஒரே படம்."

அடுத்த மின்னல் பக்கத்து வேலிக்கம்பத்தைப் பிளந்தது. கேமராவை அப்படியே விட்டுவிட்டு அத்தான் காருக்குள் வந்து விழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

"முன்ன எண்ணின மாதிரியே இப்ப எண்ணு."

எண்ணினேன். பதினான்கு சொன்னபோது முள் ஏழு நொடிதான் நகர்ந்திருந்தது.

அக்கா போனில் அழைத்தாள். இருவருமே எடுக்கவில்லை.