பஸ் பாட்டுக்கு எதற்கு ஏலேலோ

"பாட்டு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா, நீயா எழுதினே?"

சேலத்தில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்த அறையில், ஒரு ராக் இசைக்குழுவின் தலைவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் மடியிலும் கிதார், என் மடியிலும் கிதார். அவருடையது வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. என்னுடையது கல்லூரி விடுதியைக் காலி செய்து போன ஒரு அக்கா விட்டுப்போனது.

"நாந்தாங்கண்ணா எழுதினேன்."

"இல்ல, உங்க கொல்லிமலையில பெரியவங்க யாராச்சும் பாடிக் கேட்டிருப்பே. உனக்கே தெரியாம மனசுல தங்கியிருக்கும்."

"இதுல செம்மேடு பஸ் ஸ்டாண்டு வருதுங்க. கண்டக்டர் வர்றாரு. எந்தப் பெரியவருங்கண்ணா கண்டக்டரைப் பாடுவாரு?"

குழுவின் மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் அவருடைய சந்தேகம் சிரிப்போடு போகவில்லை.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு சந்தை நாளில் அம்மாவும் நானும் பக்கத்துக் காட்டு அக்காவும் செம்மேட்டிலிருந்து எங்கள் ஊரான திண்ணனூர் நாட்டுக்குத் திரும்ப நின்றிருந்தோம். கடைசி பஸ் வந்தது. அதற்குள் மிளகு மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. மூட்டைகள் சீட்டில், மூட்டைக்காரர்கள் மூட்டைகள்மேல். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "எடமில்ல, எடமில்ல" என்று விசிலை ஊதிவிட்டார். நாங்கள் நடந்தோம். நடக்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா சிரித்தாள் என்பதால் இன்னும் கொஞ்சம் சொன்னேன். வீடு வந்து சேர்வதற்குள் அதற்கு ஒரு மெட்டு ஒட்டிக்கொண்டது.

நின்னு போ நின்னு போ
நானும் வாரேன் நின்னு போ
மொளகு மூட்டைக்கு சீட்டிருக்கு
மூணு பொம்பளைக்கு நிக்க எடமில்ல

அது திட்டு. திட்டுக்கு யாரும் தாலாட்டு மெட்டுப் போட மாட்டார்கள். அதற்கு டிரம்ஸ் வேண்டும், கரகரவென்று கிதார் வேண்டும். அதனால்தான் நான் ராக் குழுவைத் தேடிப் போனேன். வேறு எந்த மரியாதையும் எனக்கு அவர்கள்மேல் இல்லை. கொஞ்ச நாள் பழகிய பிறகு அந்த வேறு மரியாதை வராமல் போனதற்கும் காரணம் கிடைத்தது.

எங்கள் வட்டாரத்தில் இப்படிக் கொஞ்சம் குழுக்கள் இருக்கின்றன. சினிமாவுக்குப் போகாமல், கம்பெனிக்குக் காத்திருக்காமல், சொந்தமாக எழுதி, சொந்தமாகப் பதிவு செய்து, சொந்தமாக இணையத்தில் ஏற்றுகிறவர்கள். சுயாதீன இசை என்று அதைச் சொல்லுகிறார்கள். அப்பாவின் காரில் வந்து இறங்கி, அம்மா கட்டிக்கொடுத்த டிபனைச் சாப்பிட்டுவிட்டு, உலகம் தங்களை நசுக்குவதைப் பற்றித் தொண்டை கிழியப் பாடுகிற சுயாதீனம். குழுவின் பெயரில் சாம்பலோ எலும்போ கட்டாயம் இருக்கும். சேலத்து வெயிலில் கறுப்புச் சட்டை கட்டாயம்.

ஒரு பாட்டு வெளியாவதற்கு முன் 'விரைவில்' என்று ஒரு கறுப்புப் படம் வரும். பிறகு 'மிக விரைவில்' என்று இன்னொரு கறுப்புப் படம். பாட்டு வந்த அன்றைக்கு நண்பர்கள் எல்லாரும் அதற்குக் கீழே நெருப்புப் படம் போடுவார்கள். அந்த நண்பர்கள் எல்லாரும் வேறு குழுக்களில் வாசிப்பவர்கள். அவர்கள் பாட்டு வரும்போது இவர்கள் போய் அங்கே நெருப்பு வைக்க வேண்டும். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். ஒருவர் வைக்காமல் விட்டால் அடுத்த விசேஷத்தில் தெரிந்துவிடும். பாட்டை யார் கேட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நான் ஏன் அந்த மாடியேறினேன் என்றால், அந்தக் குழுவின் டிரம்மர் நன்றாக அடிப்பார். முதல் நாள் என் பாட்டுக்கு அவர் அடித்தபோது, கொண்டை ஊசி வளைவில் பஸ் கியர் மாற்றி ஏறுகிற மாதிரியே இருந்தது. மற்ற மூன்று பேர் மலையைப் பற்றிப் பேசினார்கள். அவர் பேசவில்லை, அடித்தார்.

பதிவு செய்யும் நாள் வந்தது. காதில் ஹெட்போனை மாட்டி, கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்ற சத்தத்தை ஓடவிட்டு, அதன்மேல் பாடச் சொன்னார்கள். பாடினேன். அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, குரல் வளைகிற இடத்தையெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி நேராக்கினார்கள். கேட்டால் செய்தி வாசிக்கிற பெண் தவறிப்போய் பாடிவிட்டதைப் போல இருந்தது. அடுத்த வாரம் தலைவருக்கு அதில் மண் வாசனை போதவில்லை. அதற்கென்றே இணையத்தில் விற்கிறார்கள்: பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம், சில்வண்டு, மூங்கிலில் காற்று. வாங்கி என் குரல்மேல் தூவினார். சட்டையைச் சலவைக்குப் போட்டு வாங்கி வந்து வாசலில் புழுதியில் புரட்டுகிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் புழுதியையும் கடையில் வாங்கியவரை இனிமேலும் பார்ப்பேனா தெரியவில்லை.

பிறகு வரிகளில் கை வைத்தார்.

"பஸ், கண்டக்டர், சீட்டு இதெல்லாம் இடிக்குதும்மா. எடுத்துரலாம். கேக்கறவங்களுக்குக் காலமே இல்லாத மாதிரி ஒரு உணர்வு வரணும்."

"பஸ்ஸை எடுத்துட்டா யாரைங்கண்ணா நிக்கச் சொல்றேன்?"

"அதானேம்மா அழகு! மலையை நிக்கச் சொல்ற."

"மலை எங்கீங்கண்ணா கெளம்புது?"

டிரம்மர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. பஸ் இருந்த இடத்தில் 'ஏலேலோ' என்று போட்டு அவரே பாடிக் காட்டினார். ஏலேலோ படகு தள்ளுகிறவர்கள் பாடுவது. எங்கள் மலையில் படகு என்றால் வாசலூர்பட்டிக் குளத்தில் சுற்றுலா வருகிறவர்கள் காலால் மிதித்துச் சுற்றுகிற படகுதான். அதைச் சொன்னேன்.

"எல்லாம் நாட்டுப்புறம்தானம்மா," என்றார். "சொற்கள்னு உன் பேரைப் போடறோம்ல? அப்புறம் என்ன?"

அந்த வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் மார்க் ஷீட்டுகளைப் பார்த்துப் பார்த்து என் பெயர் மட்டும் கண்ணுக்குப் பழகியிருக்கிறது. எந்தக் காகிதத்தில் இருந்தாலும் விரலை வைத்துக் காட்டிவிடுவாள். பாட்டில் என் பெயர் வரும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பஸ் போனாலும் பெயர் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வீடியோ எடுக்க எல்லாரும் மலைக்கு வந்தார்கள். வளைவுகளில் ஏறி வந்ததில் தலைவர் செம்மேட்டில் இறங்கியதும் ஒரு கடைப் பெஞ்சில் படுத்துவிட்டார். இந்தப் பாட்டைப் பற்றி 'மலையின் குரல்' என்று இணையத்தில் வாராவாரம் எழுதுகிறவருக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்ததும் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே பாசிமணி, தோள் தெரியக் கட்டுவதற்கு ஒரு முரட்டுச் சேலை. ரெண்டும் சேலத்துக் கடைத்தெருவில் வாங்கியவை.

"இதை யாருங்கண்ணா கட்டுவாங்க?"

"உங்க ஆளுங்க கட்டறதுதானேம்மா."

எங்கள் ஆள், அதாவது அம்மா, அந்த நேரத்தில் மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டிருந்தாள், சேலைமேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் செல்போனைச் செருகிக்கொண்டு. நான் சுடிதாரிலேயே நின்றேன். காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா இவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, இந்தச் சாமிக்குப் பேண்ட்டு முட்டியில கிழிஞ்சிருக்குதே, முள்ளுல மாட்டிக்கிச்சா?"

"வாங்கும்போதே அப்படித்தாம்மா."

"கொறச்சுக் குடுத்தானா கடைக்காரன்?"

"அதிகம்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. கிழிசலுக்கு அதிகம் கொடுத்தவர்களிடம் பேச என்ன இருக்கிறது.

தலைவர் கேமராவை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். குழைந்த குரலில் கேட்டார். "அம்மா, இந்தப் பாட்டு உங்க முன்னோருங்க பாடினதுங்களா?"

"இல்லீங்க சாமி. இது எம் புள்ள பஸ்ஸுல எடங் கெடைக்காம திட்டி வெசாடுனதுங்க. நானும் கூடத்தான் நடந்தேன். காலு ரெண்டு நாளு வீங்கிக் கெடந்துச்சு."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா, அவங்களுக்கே தெரியல. ரத்தத்துல இருக்குது."

மறுநாள் மலையேறினால் அவருக்கு மறுபடி தலை சுற்றும் என்பதால் மீதி வீடியோவைப் புளியஞ்சோலையில் எடுத்தார்கள். அது மலையடிவாரம். ஓடையில் குளித்துவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களை நகரச் சொல்லிவிட்டு எடுத்த அந்தக் காட்சிக்கு 'கொல்லிமலையின் உச்சியில்' என்று எழுத்து வந்தது.

பாட்டு வெளியான அன்று நான் வீட்டில் இருந்தேன். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். பாட்டு ஓடியது. ஏலேலோ வந்தது. சில்வண்டு வந்தது, எங்கள் பக்கத்தில் கத்திய நிஜ சில்வண்டு அதைவிடச் சத்தமாக இருந்தது. கடைசியில் எழுத்துகள் வந்தன. அம்மா விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது, எங்கேயும் நிற்கவில்லை.

"எதுங் கண்ணு உம் பேரு?"

சொற்கள் என்ற இடத்தில் 'கொல்லிமலை மரபுப் பாடல்' என்று இருந்தது. இசை என்ற இடத்தில் தலைவர் பெயர். குரல் என்ற இடத்தில், மலையின் மகள்.

"போடலீம்மா," என்றேன்.

"மறந்துட்டாங்களா?"

"மறக்கலை."

அவள் என்னைத் தேற்றவில்லை. "அப்ப கேளு," என்றாள்.

அங்கேயே நின்று போன் செய்தேன். தலைவர் உற்சாகமாக இருந்தார். நெருப்புப் படங்கள் நிறைய வந்திருக்கும்.

"மரபுன்னு போட்டா மதிப்பு ஜாஸ்திம்மா. உன் பேரைப் போட்டா ஏதோ ஒரு பொண்ணு எழுதினதாப் போயிடும். இப்பப் பாரு, ஒரு இனமே எழுதினதா ஆயிடுச்சு!"

"இனம் எழுதலீங்கண்ணா. நான் எழுதினேன்."

"நீ அந்த இனந்தானேம்மா."

"நீங்க எழுதின பாட்டுக்கெல்லாம் சேலத்து மரபுப் பாடல்னு போடுவீங்களா?"

அவர் தன் துருப்புச் சீட்டை இறக்கினார். சென்னையில் ஒரு சுயாதீன இசை விழாவுக்கு இந்தப் பாட்டை வைத்துத்தான் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய மேடை. நடுவில் நான் நின்று பாடலாம். "இப்பப் போயி இதைக் கிளறாதே கண்ணு. உனக்குத்தான் நஷ்டம்."

எங்கள் பக்கம் குழந்தையிலிருந்து பெரியவர்வரை யாரையும் கண்ணு என்போம். அவர் வாயிலிருந்து வந்தபோது அதுவும் கடையில் வாங்கியதாக இருந்தது.

ஒரு நாள் யோசித்தேன் என்று சொல்லாமல் விட்டால் பொய்யாகும். அந்த மேடை எனக்கு வேண்டும். இன்றைக்கும் வேண்டும். ஆனால் அங்கே போய் நின்றால் நான் என் பாட்டைப் பாடுகிறவளாக இருக்க மாட்டேன். யாரோ எப்போதோ பாடியதற்குச் சாட்சி சொல்ல மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த பொருளாக இருப்பேன். பாசிமணி அதற்குத்தான். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு நான் எழுதுகிற எதையும் என் சொந்த ஊரே எழுதியதாகிவிடும். ஊருக்கு நான் எதற்குப் பாட்டெழுதித் தர வேண்டும்? ஊர் எனக்கு மூட்டை உட்கார்ந்த சீட்டைக்கூட விட்டுத்தரவில்லை.

இணையத்தில் பாட்டுகளை ஏற்றித் தருகிற நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். பாட்டு உருவான அந்த வாரம் போனில் பாடி வைத்திருந்ததை அனுப்பினேன். நடுவில் அம்மா, "அந்தக் கண்டக்டரையும் சேத்துக்க கண்ணு" என்று சொல்வதுகூட அதில் இருக்கிறது. ஏலேலோ போட்ட அந்தப் பாட்டை இணையத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். தலைவரின் இணையப் பக்கத்தில் மறுபடி ஒரு கறுப்புப் படம் வந்தது. இந்த முறை 'துரோகம்' என்று எழுதியிருந்தது. அதற்கும் எல்லாரும் நெருப்பு வைத்தார்கள்.

டிரம்மர் மட்டும் போன் செய்தார். "ஏனுங், முழுப் பாட்டையும் ஒருக்கா ரெக்கார்டு பண்ணிரலாங்களா? எனக்கு அந்த பஸ்ஸு வேணுங்க," என்றார். நாமக்கல்லில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எடுத்தோம். டிக் டிக் வைக்கவில்லை. குரல் வளைகிற இடத்தில் வளைந்திருக்கிறது.

போன வாரம் அதை என் பெயரிலேயே ஏற்றினேன். அன்றைக்கே விழாக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன்: இந்தப் பாட்டின் சொற்களும் மெட்டும் என்னுடையவை, அந்தக் குழு இதைப் பாட நான் அனுமதி தரவில்லை, எனக்குத் தனியாக மேடை கொடுங்கள், நானும் ஒரு டிரம்மரும் வருகிறோம், சுடிதாரில்.