மழையில்லாத வருஷம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கருப்பையா அண்ணன் அருப்புக்கோட்டையில் புத்தகக் கடை போட்டார். ஊருக்கு வெளியே காலனியில் பிறந்தவர் என்பதால் எங்கள் சாதிக்காரர்கள் யாரும் அந்தப் படி ஏறவில்லை. பள்ளிக்கூட டீச்சரான நான் மட்டும் மாதம் ஒரு புத்தகமாவது அங்கே வாங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்து ஊரான பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலிலேயே மாமியார் நிறுத்திவிடுவார். "அவன் கடைப் பொஸ்தகமா? தண்ணி தெளிக்காம உள்ள கொண்டாராத" என்று மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார். சண்டை போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. உப்பிய பக்கங்களை வாசல் சுவரில் காயவைப்பேன்.

ஒரு நாள், நான் சொல்லிவைத்திருந்த புத்தகத்தைக் கொடுக்கக் கருப்பையா அண்ணனே சைக்கிளில் வந்துவிட்டார். சுவரில் காய்ந்த புத்தகத்தைப் பார்த்தார். மாமியார் கையிலிருந்த செம்பையும் பார்த்தார்.

"மழையில நனைஞ்சிருச்சா டீச்சர்?"

வானம் பார்த்த எங்கள் பூமியில் அந்த வருஷம் பொட்டு மழை இல்லை.

"ஆமாண்ணே" என்றேன்.

"இந்தப் பக்கம் பெஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த மாதம் கடைக்குப் போனபோது, உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை வெட்டிப் புத்தகத்தைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டித் தந்தார்.

"இனிமே நனையாது டீச்சர்."

அன்றும் மாமியார் தெளித்தார். தண்ணீர் வழிந்து ஓடியது. உள்ளே ஒரு பக்கம்கூட நனையவில்லை. அண்ணன் கடையை நான்தான் தாங்குவதாக நினைத்திருந்தேன். நான் தடுத்திருக்க வேண்டிய தண்ணீருக்கும் அவரேதான் உறை போட வேண்டியிருந்தது.